தட்டாத கதவு

என் வேலை கதவு தட்டுவது.
ஆகஸ்ட் கடைசியில், விடியுமுன்,
ஒஹையோவில் ஒரு கல்லூரி விடுதியின் நீண்ட தாழ்வாரத்தில்
பெயர்ப் பட்டியலோடு நடப்பேன்.
“பயிற்சியாளர் கூப்பிடுகிறார். ஆட்டக் குறிப்பேட்டையும் எடுத்து வா.”
இவ்வளவுதான் என் வசனம்.
பதினேழு ஆண்டுகளில் ஒரு சொல் கூட்டியதில்லை.
பையன்கள் எனக்கு வைத்திருக்கும் பெயர்
எனக்குத் தெரியாதென்று நினைக்கிறார்கள்.

எமில் திபடோவை முதலில் பார்த்தது
அளவுகோலுக்கு அடியில்.
ஐந்தடி, ஆறே முக்கால் அங்குலம்.
அளந்தவன் இரக்கப்பட்டு மறுபடி அளந்தான்.
அதே ஆறே முக்கால்.
பிறகுதான் தெரிந்தது:
லூசியானாவிலிருந்து பதினாறு மணி நேரமும்
அக்காவின் வேனில் பின்னிருக்கையைக் கழற்றிவிட்டு
மல்லாந்து படுத்தபடியே வந்திருக்கிறான்.
உட்கார்ந்தால் முதுகெலும்பு அமுங்குமாம்,
கால் அங்குலம் போய்விடுமாம்.
அந்தக் கால் அங்குலத்தையும் சேர்த்துத்தான்
ஆறே முக்கால்.

இந்த ஆட்டத்துக்குப் பெயர் கால்பந்து.
காலுக்கு அதில் வேலை குறைவு.
நூற்றைம்பது கிலோ உடம்புகள்
குனிந்து எதிரெதிரே முட்டத் தயாராகும்.
அவற்றின் பின்னால் எமில் நின்றால்
மாடத்திலிருந்து பார்ப்பவருக்கு
அங்கே ஓர் ஆள் இருப்பதே தெரியாது.
பந்து கைமாறும்.
மூட்டைகள் சரிந்ததுபோல் ஒரு சத்தம்.
யாரோ ஒருவனின் இடுப்புக்குக் கீழிருந்து
அவன் மட்டும் வெளியே வந்து
ஓடிக்கொண்டிருப்பான்.

அழகுதான்.
பட்டியலை எழுதுவது நானல்ல.

முதல் ஆகஸ்டில் தட்டினேன்.
“காபி குடிக்கிறீர்களா?” என்றான்.
யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை.
வேண்டாம் என்றேன்.
அடுத்த ஆகஸ்டிலும் தட்டினேன்.
என் தொலைபேசி எண் மாறவில்லை,
மாடியில் சொல்லிவிடுங்கள், என்றான்.

இடையில் அவன் எங்கே இருந்தான் என்பது
துண்டு துண்டாக வந்து சேர்ந்தது.
சூ ஃபால்ஸில், பனிச்சறுக்குத் தளத்தின்மேல்
கம்பளம் விரித்து ஆடும் உள்ளரங்க அணி.
விழுந்தால் முழங்கை தேயும்,
எழுவதற்குள் கீழிருந்து குளிர் ஏறும்.
ஜெர்மனியில் கீல் நகரத்து அணி
சம்பளமாகத் தந்தது ஓர் அறை, ஒரு சைக்கிள்.
இரவுகளில் லஃபாயெட்டில் டயர் கிடங்கு.
ஒரு வருடம் இங்கிருந்து அழைப்பே போகவில்லை.
அவனே வந்து வேலிக்கு வெளியே நின்றான்,
ஒன்பது நாள்.
பத்தாம் நாள் ஒருவனுக்குக் கணுக்கால் பிசகியது.

அந்த முறை நான் போனபோது
கதவு ஏற்கெனவே திறந்திருந்தது.
மூடிய பை, அதன்மேல் குறிப்பேடு.
“ஓரத்தில் கொஞ்சம் எழுதியிருக்கிறேன்,
அடுத்து வருகிறவனுக்கு உதவும்.”
எனக்கு ஏனோ கோபம் வந்தது.
போதும், வீட்டுக்குப் போ, வேறு ஏதாவது செய்:
தொண்டைவரை வந்ததை விழுங்கினேன்.
வசனத்தில் இல்லாதது.

இந்த ஆகஸ்ட்.
அவனுக்கு இருபத்தெட்டு வயது.
பட்டியலில் பதினான்கு பெயர்.
மேலிருந்து கீழே படித்தேன்,
கீழிருந்து மேலே படித்தேன்.
இருநூற்றுப் பன்னிரண்டாம் அறை,
கதவிடுக்கில் வெளிச்சம்.
என் நிழல் அதில் விழுந்திருக்கும்.
உள்ளே கட்டில் ஒருமுறை முனகியது,
அப்புறம் மூச்சுகூட இல்லை.
தட்டாமல் போவதை எப்படிச் சொல்வது?
அதற்கு எனக்கு வசனம் கிடையாது.
காலணி சத்தம் கேட்கும்படி
அழுத்தி நடந்தேன்.

அடுத்த கதவைத் தட்டினேன்.
நெப்ராஸ்கா பையன், இருபத்தொரு வயது,
நிலைப்படியில் தலை இடிக்காமலிருக்கக் குனிந்து பார்த்தான்.
“அறை மாறி வந்துவிட்டீர்கள்” என்றான்,
கொஞ்சம் சிரித்துக்கொண்டே.
வசனத்தைச் சொன்னேன்.
அவன் விளக்கைப் போடவும் மறந்து
குறிப்பேட்டை இருட்டில் தேடிக்கொண்டிருக்க,
சுவருக்கு அந்தப் பக்கம்
ஒரு பையின் ஜிப்
மெல்ல, மிக மெல்ல,
திறக்கும் சத்தம்.